எங்கள் இன்ஜினுக்கு வந்த நோய்கள்

சான்பாடாவில் நாங்கள் இப்போது குடியிருக்கும் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் தானாகவே ஓடும், தானாகவே நிற்கும். மேல்தொட்டி நிறைந்துவிட்டதை அதுவே தெரிந்துகொள்கிறது. யாரும் அதன் பக்கத்தில் போய் நிற்பதில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதுமில்லை. காலையில் அது லேசாக முனகிவிட்டு ஓயும்போதெல்லாம் எனக்குத் தாராவியில் இருந்த எங்கள் பழைய இன்ஜினின் ஞாபகம் வரும். அது இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் அதிகம் நலம் விசாரிக்கப்பட்ட ஜீவன் அதுதான். எனக்கு இரண்டாவது இடம்.

தாராவியில் மெயின் ரோட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு சாண் உயரும். எங்கள் கல்லி, அந்தக் குறுகிய சந்து, உயராது. இப்படியே உயர்ந்து உயர்ந்து, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ரோட்டிலிருந்து கல்லிக்குள் இறங்க மூன்று படி வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் அந்தப் படிகளில் இறங்கி, விருந்தாளி மாதிரி ஒவ்வொரு வீடாக உள்ளே வரும். கல்லியின் கடைசியில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சாக்கடைக் கால்வாய், நாலா. அந்தச் சுவரைத் தாண்டித் தண்ணீரை ஏற்றி நாலாவில் விட்டால்தான் கடைசி ஆறு வீட்டுக்காரர்களும் தரையில் கால் வைக்க முடியும். எங்கள் வீடு அந்த ஆறில் ஒன்று.

அதற்காகத்தான் அப்பா அந்த இன்ஜினைக் கொண்டுவந்தார். குர்லாவில் ஒரு கேரேஜில் மெக்கானிக்காக இருந்தார் அவர். பழைய இரும்புக் கடையில் செத்துக் கிடந்ததைத் தோளில் தூக்கி வந்து, ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து உயிர் கொடுத்தார். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன இன்ஜின் அது. அதன் வயிற்றோடு ஒட்டினாற்போல் ஒரு பம்பு. கயிற்றைச் சுற்றி இழுத்தால் உயிர் வரும். இரண்டு நிமிடம் பெட்ரோல் குடித்துச் சூடான பிறகு ஒரு சின்னத் திருகைத் திருப்பினால் மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி கொஞ்சம் பெட்ரோல் காட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த தடவை கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ‘சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும் இனிப்பு கேக்குத மாப்பிள்ளை’ என்பார் அப்பா. வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அந்த மாப்பிள்ளை குடியிருந்தார்.

எனக்கு எட்டு வயதில் அப்பா மஸ்கட்டுக்குப் போனார். போவதற்கு முந்திய வாரம் இன்ஜினை ஓட்ட அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மா வீட்டில் தையல் மெஷினில் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பவள். எண்ணெய், பெல்ட், நட்டு எல்லாம் அவள் கைக்குப் பழக்கம். மூன்றாவது தடவையே கயிற்றைச் சரியாக இழுத்துவிட்டாள். கல்லி ஆண்கள் வரிசையாக வந்து இழுத்துத் தோற்ற கயிறு அது. எதிர்வீட்டு மாமா கையை உதறிக்கொண்டே, “மைனி, இது ஆளு பாத்துதான் எந்திரிக்கும் போல” என்றார்.

புறப்படும் அன்று அப்பா என் தலையில் கை வைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“இன்ஜின சாலு பண்ண அம்மாவுக்குத் தெரியும்ல. இனி பெரிய ரிப்பேருன்னு ஏதும் வந்தாத்தான் நான் வரணும்.”

பாடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்வதுபோல் அந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் போட்டுக்கொண்டேன்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அப்பா வைத்துவிட்டுப் போன சட்டம். சும்மா கிடந்தால் இறுகிப்போகுமாம். அவருக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் இன்ஜின் சோதனை. அப்பா கார்டு போட்டுப் போன் பேசுவதும் அன்றைக்குத்தான்.

சோதனைக்கு ஒரு டிரம் தண்ணீர் போதும். உறிஞ்சும் பைப்பையும் அதற்குள் விட்டு, வெளியே தள்ளும் பைப்பின் வாயையும் அதற்குள்ளேயே வைத்துவிடுவோம். தாராவியில் சோதனை என்று சொல்லித் தண்ணீரைத் தரையில் கொட்டுகிறவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள். டிரம்மிலிருந்து கிளம்பின தண்ணீர் இன்ஜின் வழியாகப் போய் டிரம்முக்கே வந்து விழும். சொட்டுக்கூட வீணாகாது.

அன்றைக்கு அம்மா நாலு மணிக்கே தையலை நிறுத்திவிடுவாள். முகம் கழுவி, தலை வாரி, பெட்டியில் இருக்கும் இரண்டு நல்ல சேலையில் ஒன்றைக் கட்டி, ஸ்டேஷன் பக்கம் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொள்வாள். பிறகு வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய் வாசனைக்குள் உட்காருவாள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நாள், அதனால் பூ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் வரும் வெள்ளிக்கிழமைகளில் பூ கிடையாது என்பது என் கண்ணில் பட்டிருந்தது. புத்தியில் படவில்லை.

போன் வந்ததும் முதலில் என்னிடம்தான் கொடுப்பாள். “படிக்கியா? அம்மா சொல்லுததக் கேக்கியா? சளி கிளி இல்லையே?” மூன்று கேள்விக்கும் மூன்று ‘ஆமா’ அல்லது ‘இல்ல’. நான் நாலாவதாகச் சொல்ல ஏதாவது யோசித்து வைத்திருப்பேன். அதற்குள், “சரி, போன இன்ஜின் பக்கத்துல பிடி” என்று வந்துவிடும். நான் ஸ்பீக்கரைப் போட்டு இன்ஜினுக்கு நேராக நீட்டுவேன். அம்மா கயிற்றை இழுப்பாள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் பேசியதைவிட அது பேசியதை அவர் அதிக நேரம் கேட்டார் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் இன்ஜினுக்கு உடம்பு சரியில்லாமலே இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு நோய்.

“என்னங்க, புகை கறுப்பா வருது.”

“எவ்வளவு நேரமாட்டி?”

“சாலு பண்ணதுலேருந்து.”

“பந்த் பண்ணி நிப்பாட்டு. பிளக்கக் கழத்து. என்ன, கழத்திட்டியா?”

“கழத்திட்டேன்.”

“மண்ணெண்ணெய்ல ஓடுனா கறுக்கத்தான் செய்யும். உப்புத்தாள வச்சி மெதுவாத் தேயி. பாத்து, கையக் கிழிச்சிராத.”

“ம்.”

“கிழிச்சிக்கிட்டியா?”

“இல்லங்க.”

“சத்தமே காணோம்னு கேட்டேன்.”

இப்படி அரை மணி நேரம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பாவும் கையெழுத்தோடு சரி. எங்கள் வீட்டில் முதல்முதலாகப் பென்சில் பிடித்தவன் நான் என்பதால் அப்பா சொல்கிற வைத்தியத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதும் பதவி எனக்கு வந்தது. அட்டையில் ‘இன்ஜின் நோட்டு’ என்று பெரிதாக எழுதி, கீழே என் பெயரையும் வகுப்பையும் போட்டிருந்தேன். புகை கறுப்பு: பிளக் தேய்க்கவும். விக்கல்: காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைக்கவும். கயிறு கனம்: எண்ணெய் அளவு பார்க்கவும். ஒரு வருடத்தில் பத்துப் பதினைந்து பக்கம் நிறைந்துவிட்டது.

நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. இவ்வளவு நோய் உள்ள இன்ஜின் ரொம்ப நாள் தாங்காது. ஆனால் ஒவ்வொரு நோயையும் அப்பா போனிலேயே குணப்படுத்திவிடுகிறார். எல்லாம் சின்ன ரிப்பேர். பெரிய ரிப்பேர் ஒன்று வந்தால் போதும். அது வருகிற வழியாகத் தெரியவில்லை.

இரண்டாவது வருடம் மே மாதக் கடைசியில் அப்பா, இந்த வருடம் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார். அம்மா, “சரிங்க” என்றாள். பிறகு, “கயிறு வழுக்குதுங்க, அத எப்படி முடிச்சு போடணும்?” என்று கேட்டாள். கயிறு புதுசு. போன வாரம்தான் வாங்கியிருந்தோம். நான் கடமை தவறாமல் முடிச்சு போடும் முறையை எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அம்மா தைத்த பைகளைக் கொடுக்கப் போயிருந்த சமயம் நான் தார்ப்பாயை விலக்கினேன். உறிஞ்சும் பைப்பு பம்போடு சேரும் இடத்தில் இரண்டு காது வைத்த பித்தளை வளையம் ஒன்று இருக்கும். கையால் திருகியே கழற்றலாம். அதற்குள் ஒரு ரப்பர் வாஷர். “இந்த வாஷருதான் பம்புக்கு உதடு. உதடு இல்லாம உறிஞ்ச முடியுமா?” என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். நான் அந்த உதட்டை எடுத்து என் கம்பாஸ் பெட்டியில், அழிரப்பருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வளையத்தைப் பழையபடி இறுக்கினேன். இன்ஜினைத் தொட்டுக் கும்பிட்டதாகவும் ஞாபகம். பாவம் என்று தெரிந்திருக்கிறது.

அடுத்த போன் வெள்ளிக்கிழமை வருவதற்குள் மழை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள். முழங்கால் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கல்லிக்குள் தண்ணீர் படி இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஏற்கெனவே பம்பின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரே இழுப்பு. இன்ஜின் எழுந்து, நல்ல பிள்ளையாக ஓடியது. ஆனால் சுவருக்கு மேலே போட்டிருந்த பைப்பு தட்டையாகவே கிடந்தது.

எதிர்வீட்டு மாமா பைப்பை மிதித்துப் பார்த்தார். “மைனி, இது சும்மா காலி பீலி கத்துது. பைப்பு பட்டினி கெடக்கு.”

எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். தோல் பர்சுகள் செய்கிறவள். “யக்கா, சேட்டு குடுத்த மாலு பூரா கீழ கெடக்கு. தூக்கி வைக்க மேல எடமில்ல. தோலு நனைஞ்சா நான் எங்க போவேன்?”

இந்த இடம் என் கணக்கில் இல்லை. பம்பு கெடும், அப்பா வருவார், அவ்வளவுதான் நான் போட்டிருந்த கணக்கு. நடுவில் மழை ஒன்று இருக்கிறது, அத்தையின் வீடு ஒன்று இருக்கிறது என்பது விட்டுப்போயிருந்தது. கம்பாஸ் பெட்டி என் தலைமேல் பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிடலாம். ‘இதோ’ என்று ஒரு வார்த்தை. அதைச் செய்யாமல் அத்தையின் வாசற்படியில் தண்ணீர் ஏறுவதையும் அம்மாவின் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பம்பில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள். பைப்பின் நுனியில் இருந்த சல்லடையில் குப்பை அடைத்திருக்கிறதா என்று தடவினாள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பித்தளை வளையத்தைச் சுற்றி ஈரக் கையை வைத்தாள். காற்று போகும் இடத்தைக் கை கண்டுபிடித்துவிட்டது. நிறுத்தினாள். வளையத்தைத் திருகிக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினாள். விரல் வெறுமனே சுற்றி வந்தது.

தரையில் தேடினாள். நிமிர்ந்து எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, உங்கிட்ட தடிச்ச தோலு துண்டு கெடக்கா?” என்று அத்தையிடம் கேட்டாள். அத்தை வெட்டுக்கழிவு மூட்டையை அப்படியே தூக்கி வந்தாள். அம்மா ஒரு துண்டை எடுத்து, வளையத்தின் வாயில் வைத்து, கட்டைவிரலால் சுற்றி அழுத்தினாள். தோலில் வட்டமாகத் தடம் விழுந்தது. அத்தையின் கத்தியை வாங்கித் தடத்தோடு வெட்டி, நடுவில் துளை போட்டு, எண்ணெயில் முக்கி உள்ளே வைத்து இறுக்கினாள். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். இன்ஜின் குரல் மாறியது. சுமை தூக்கினவன் குரல் மாதிரி கனத்து இறங்கியது. தட்டையாகக் கிடந்த பைப்பு புரண்டு உருண்டையாகி, சுவருக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அத்தையின் மாலில் கீழ் அடுக்கு மட்டும் நனைந்திருந்தது. மீதி தப்பியது.

“தோலு எத்தன நாளு தாங்கும் மைனி?” என்றார் மாமா.

“உங்க அண்ணன் வார வரைக்கும் தாங்கும்” என்றாள் அம்மா.

அத்தை வீடு தப்பியதில் எனக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு பெரிய ஏமாற்றமும் வந்தது. பெரிய ரிப்பேர் என்று நான் நினைத்தது அம்மாவுக்குப் பதினைந்து நிமிட வேலையாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மழை விட்டிருந்தது. அம்மா மயில்கழுத்துச் சேலையைக் கட்டிப் பூ வைத்துக்கொண்டாள். டிரம்மை நிரப்பினோம். போன் வந்தது. என் மூன்று கேள்வியும் முடிந்து நான் ஸ்பீக்கரைப் போட்டதும் அம்மா சொன்னாள்:

“என்னங்க, இன்ஜின் ஓடுது. தண்ணி இழுக்க மாட்டேங்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவ்வாய்க்கிழமை முழுக்க இழுத்த பம்பு. கல்லியே பார்த்தது. அம்மாவும் என் கட்சியில் சேர்ந்துவிட்டாள், அப்பாவை வரவழைக்கத்தான் சொல்கிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த நிமிடத்தில் அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

“தண்ணி ஊத்தி நிரப்புனியா?” என்றார் அப்பா.

“நிரப்புனேன்.”

“சல்லடை?”

“பாத்தேன். சுத்தமாத்தான் இருக்கு.”

“அப்ப காத்து உள்ள பிடிக்குட்டி. வளையத்தக் கழத்து. பெரிய ஸ்பேனர எடுத்துக்க.”

கையால் கழற்றும் வளையத்துக்கு ஸ்பேனர் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்தாள். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டு, இன்ஜினின் இரும்புக் காலில் டங், டங் என்று தட்டினாள். வளையத்தைத் தொடக்கூட இல்லை. போனையே பார்த்துக்கொண்டு தட்டினாள்.

“இறுக்கமா இருக்கா?” என்றது போன்.

“ஆமாங்க.” டங். “கொஞ்சம் இறுக்கமா இருக்கு.”

“அவசரப்படாத. மூச்சு வாங்கிக்க. நான் இருக்கேன்.”

“ம்.” டங்.

“வாஷரு இருக்கா பாரு.”

“தேஞ்சி போயிருக்குங்க.”

“பொரட்டிப் போடு. ஒரு பக்கம் தேஞ்சா மறுபக்கம் ஆவும். பொரட்டிட்டியா? இப்ப இறுக்கு. ரொம்ப வேண்டாம், உன் கைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு.”

அம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வேர்வைகூட இல்லை. பூவைத் தொட்டுச் சரிசெய்துகொண்டாள். பிறகு, “இறுக்கிட்டேன்” என்றாள். எழுந்து கயிற்றை இழுத்தாள். தண்ணீர் டிரம்மில் கொட்டியது. அந்தச் சத்தம் அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தியதும், “பாத்தியாட்டி” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “இங்கேருந்தே சரி பண்ணிட்டேன் பாத்தியா.”

“நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன்” என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய ரிப்பேரையும் போனிலேயே முடித்துவிட்டார். இனி எதற்கு வருவார்? அதோடு எல்லாமே பொய். நிஜத்தைச் சொன்னால், தான் ஒன்றுமே செய்யவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தால், போன் வேலைக்கு ஆகாது, நேரில் வர வேண்டும் என்று தோன்றும். ஒன்பது வயதில் இதைவிடச் சரியான தர்க்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

“யப்பா, அம்மா பொய் சொல்லுதா” என்றேன். “செவ்வாக்கெழமையே அவளே சரி பண்ணிட்டா. வாஷரே இல்ல. அத்த வீட்டுத் தோல வெட்டி மாட்டிட்டா. இப்ப ஒண்ணுமே கழத்தல. சும்மா இரும்புல தட்டுனா. நீங்க ஒண்ணுமே பண்ணல.”



“தோல்லயா வெட்டுனா?” என்றார் அப்பா.

“ஆமா. பதினஞ்சே நிமிசம்.”

“நல்லா இழுக்கா?”

“நல்லா இழுக்கு.”

“அப்படியா. நல்லதுதானல. நல்லதுதான். சரி, கார்டுல காசு தீரப்போவுது. அம்மாட்ட சொல்லிரு.”

கார்டில் காசு தீரும்முன் போனில் இரண்டு தடவை ‘பீப்’ என்று கேட்கும். அன்றைக்கு அது கேட்கவில்லை.

அம்மா அடிப்பாள் என்று ஓரடி தள்ளி நின்றேன். அவள் பெட்ரோல் திருகை மூடினாள். தார்ப்பாயை எடுத்து நாலு மூலையும் சரியாக வருகிறதா என்று பார்த்துப் போர்த்தினாள்.

“உங்கிட்ட யாருல கேட்டா?”

“பொய் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க.”

அம்மா சிரித்தாள். “டீச்சருக்கு என்னல. அவங்க வீட்டுக்காரரு சாயந்தரமானா வீட்டுக்கு வந்துருவாரு.”

டீச்சர் வீட்டுக்காரர் வருவதற்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா பாவம், படிக்காதவள், பேச்சு மாறிப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் இன்ஜினுக்கு ஒரு நோயும் வரவில்லை.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை அப்பா பேசினார். என்னிடம் இப்போது நாலைந்து கேள்வி கேட்டார். அம்மாவிடம், “எல்லாம் நல்லா இருக்கா?” என்பார். “நல்லா இருக்குங்க” என்பாள். “இன்ஜின்?” “ஓடுது.” அதற்கு மேல் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாமல் போனை மறுபடி என்னிடமே கொடுத்துவிடுவாள். எனக்குப் பேச நிறைய நேரம் கிடைத்தது. யோசித்து வைத்த நாலாவது, ஐந்தாவது, ஆறாவது விஷயத்தையெல்லாம் சொன்னேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இன்ஜின் சோதனை புதன், வியாழன் என்று அம்மாவுக்குக் கை ஒழிந்த நாளில் நடந்தது. அழுக்குச் சேலையிலேயே வந்து, இழுத்து, பார்த்து, நிறுத்திவிட்டுப் போனாள். நோட்டில் மீதிப் பக்கங்களில் கூட்டல் பெருக்கல் போட்டேன்.

அடுத்த வருடம் என் கம்பாஸ் பெட்டி துருப்பிடித்ததென்று அம்மா புதிதாக ஒன்று வாங்கி, பழையதில் இருந்ததையெல்லாம் அவளே மாற்றி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் திறந்தேன். ரப்பர் வாஷரும் வந்திருந்தது, அழிரப்பருக்குப் பக்கத்தில். அதை வைத்து வட்டம் போடுவேன். ஒரே சமயத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வட்டம் கிடைக்கும்.

தோல் வாஷர் மாட்டி ஒன்றரை வருடம் கழித்து, ஒரு டிசம்பரில், அப்பா முப்பது நாள் லீவில் வந்தார். பெட்டியில் சோப்பு, சென்ட்டு, எனக்குக் காந்தம் வைத்த பென்சில் பெட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் அரபி எழுத்துப் பேப்பரில் சுற்றி ஒரு பொட்டலம். பிரித்தேன். ஆறு ரப்பர் வாஷர். எங்கள் பம்பின் அளவு.

வந்த மறுநாள் காலையில் என்னைச் சௌபாத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். நான் சட்டை மாற்றிக்கொண்டு வந்தால் அவர் தார்ப்பாயை விலக்கி இன்ஜின் முன்னால் குத்தவைத்திருந்தார். வளையத்தைக் கழற்றி, தோல் வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எண்ணெய் குடித்துக் கறுத்து, ஊறி, அச்சாகப் பதிந்துபோயிருந்தது. புரட்டிப் பார்த்தார். பழையபடி அதையே வைத்து இறுக்கினார். ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அம்மா டீயோடு வாசலில் நின்றாள். “புதுசு போடலையா?”

“எதுக்கு? நல்லாத்தான வெட்டிருக்க.”

அம்மா டீயைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, “இல்லங்க” என்றாள். “ரெண்டு மூணு நாளா லேசாக் கசியுது.”

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கள் இன்ஜினுக்கு வந்த முதல் நோய் அது.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக விரலை வளையத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

“ஆமாட்டி” என்றார். “கசியத்தான் செய்யுது. பூராத்தையும் கழத்தித்தான் பாக்கணும்.”

அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “பெரிய ஸ்பேனரா, சின்னதா?” என்று கேட்டாள்.

நானும் குனிந்து அதே இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன். ஓடிப்போய் இன்ஜின் நோட்டை எடுத்துவந்து, “யப்பா, என்னன்னு எழுத?” என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வரை இருவரும் அந்த இன்ஜினைக் கழற்றிக்கொண்டும் மாட்டிக்கொண்டும் இருந்தார்கள். சௌபாத்திக்குப் போகவில்லை. புதுச் சட்டையோடு படியில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த இடத்தைத் தொட்டு ஈரம் என்கிறாரே, அந்த ஊர் வெயிலில் அப்பாவின் விரல்கள் மரத்துப்போய்விட்டன போலிருக்கிறது என்று எனக்கு ரொம்பக் கவலையாக இருந்தது.